தொச்சா ஜாடி: சூளை விட்ட பிளவும் பின்னால் வந்த உடைசலும்

எங்கள் செப்பனிடும் மேசைக்கு வந்தது, இத்தாலியின் தொச்சா பட்டறையில் 18-ஆம் நூற்றாண்டில் செய்த பீங்கான் ஜாடி. மூடியோடு சேர்த்து 41 செ.மீ. உயரம். வயிற்றின் இரு பக்கமும் பூங்கொத்து, கழுத்திலும் பாதத்திலும் பொன் கோடு, தோளில் எதிரெதிராக முகம் வார்த்த இரண்டு பிடிகள். பூ வைப்பதற்காகச் செய்த ஜாடி இல்லை. கூடத்தில் நிறுத்தி வந்தவர்களுக்குக் காட்டுவதற்கென்றே செய்த உருப்படி. வாய்விளிம்பில் ஒரு துண்டு காணவில்லை. ஒரு பிடியின் கீழ்ச்சுருள் முறிந்து போயிருக்கிறது. வயிறு மூன்று துண்டாக உடைந்து, யாரோ அந்தக் காலத்திலேயே அரக்கு வைத்து ஒட்டி, மேலே கம்பித் தையலும் போட்டிருக்கிறார்கள். அந்தத் தையலை மறைக்க இருபுறமும் மூன்று விரற்கடை அகலத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்திருக்கிறது, இப்போது அது மஞ்சளாகிவிட்டது.

இவை போக, பிடி உடலோடு சேரும் இடத்தில் வாய் திறந்த இரண்டு பிளவுகள், அடித்தட்டில் கிளை விட்ட ஒரு கீறல், வயிற்றில் ஆங்காங்கே ஊசித்துளைகள். இந்தக் கடைசிக் கூட்டத்தை நாங்கள் தொடவே இல்லை. அவை 18-ஆம் நூற்றாண்டுச் சூளையிலிருந்து அப்படியே வந்தவை. தொச்சா ஜாடியைச் செப்பனிடும் வேலையில் பாதி, எது சூளைக் குறை, எது பிறகு நேர்ந்த சேதம் என்று பிரிப்பதுதான். இதைப் பிரிக்காமல் பசையை எடுப்பவர், பட்டறை தன் கையால் விட்ட தடயத்தை அடைத்து அழித்துவிடுவார்.

மண் என்ன, அதனால் என்ன

ஃபிளாரன்ஸுக்குப் பக்கத்தில், செஸ்தோ ஃபியொரென்தீனோ ஊரை ஒட்டிய தொச்சாவில் மார்க்கீஸ் கார்லோ ஜினோரி 1735-இல் இந்தப் பட்டறையைத் தொடங்கினார். வியன்னாவிலிருந்து வந்த கார்ல் வெண்டெலின் அன்ரைட்டர் ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டார், கஸ்பரே புரூஸ்கி உருவம் வடிக்கும் பிரிவின் தலைவர். மெடிசி அரசவைச் சிற்பி மாசிமிலியானோ சொல்தானி பென்சியின் அச்சுகள் போன்ற பரோக் சிற்ப மாதிரிகளை ஜினோரி வாங்கிச் சேர்த்தார். வெண்கலத்துக்கென்று பிறந்த வடிவங்களை பீங்கானில் கொண்டுவரத் துணிந்த பட்டறை இது. துணிவு பெரிது, ஆனால் மண் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

அந்த மண்ணின் பெயர் மாஸ்ஸோ பஸ்தார்தோ, அதாவது கலப்பு மண். ஜெர்மனியின் மைசென் பட்டறையின் கெட்டிப் பீங்கானைப்போல வெள்ளைவெளேர் என்று சுடுபடாது. சாம்பல் பாய்ந்திருக்கும், நொய் கொஞ்சம் பெரிது, சூளை வெப்பம் சற்றுக் குறைந்தால் உள்ளே நுண்துளை மிஞ்சும், கூடினால் வளையும். பீங்கான் களிமண் ஈரத்திலிருந்து சுட்டு முடிவதற்குள் பொதுவாக 12 முதல் 18 சதவீதம் வரை சுருங்கும். மெல்லிய வயிறு ஒரு வேகத்திலும், கனத்த பிடியின் வேர் இன்னொரு வேகத்திலும் சுருங்கினால், குழைசேறு வைத்து ஒட்டிய இணைப்பில்தான் இழுபறி வரும். பிடி வேரில் பிளவு விழுவதன் காரணம் இதுதான். அடித்தட்டுக் கீறலுக்கும் இதே காரணம்: தட்டின் நடுப்பகுதி கனமாக நிற்க, ஓரம் முதலில் காய்ந்துவிடும்.

கார்லோ 1757-இல் இறந்த பிறகு அவர் மகன் லொரென்சோவின் காலத்தில் சாம்பல் நிறத்தை மறைக்க கிளேஸில், அதாவது மண்ணின்மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சில், வெள்ளீய ஆக்சைடு எனப்படும் டின் ஆக்சைடு சேர்க்கத் தொடங்கினார்கள். ஒளி ஊடுருவாத பால்வெள்ளைப் போர்வை அது. எங்கள் ஜாடியும் இந்த வகை. நல்ல மறைப்பு, ஆனால் இந்த கிளேஸ் கூர்விளிம்புகளில் பின்வாங்கும், பள்ளங்களில் தேங்கும், ஊசித்துளை விடும். முகத்தின் மூக்கு நுனியிலும் புருவ வரம்பிலும் சாம்பல் தெரிந்தால், தேய்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அங்கே கிளேஸ் தொடக்கத்திலேயே நிற்கவில்லை.

அடியில் முத்திரை இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டு தொச்சா உருப்படிகளில் பெரும்பாலானவற்றில் முத்திரை கிடையாது. ஜினோரி குடும்பச் சின்னத்திலிருந்து எடுத்த நட்சத்திரம் பிற்பகுதியில்தான் வருகிறது. மாறாக, கிரீடம் சூடிய ‘என்’ (N) எழுத்து இருந்து அதைக் காட்டி ‘காபொதிமோந்தே’ என்று யாராவது விற்றால் நிதானியுங்கள். நேப்பிள்ஸில் காபொதிமோந்தே அரசப் பட்டறை 1743 முதல் 1759 வரை மட்டுமே நடந்தது, அதன் அடையாளம் லில்லிப்பூச் சின்னம். கிரீட எழுத்து 1771-இல் தொடங்கிய, மன்னர் ஃபெர்தினாந்து காலப் பட்டறையுடையது, 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை எண்ணற்றோர் போலி செய்த குறி. புராணக் காட்சிகள் புடைத்து நிற்கும் வண்ணப் பாத்திரங்கள் நெடுங்காலம் காபொதிமோந்தே என்றே அழைக்கப்பட்டன. அவற்றின் மூலம் தொச்சா. செப்பனிடுபவருக்கு இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை: காபொதிமோந்தே மென்பீங்கான், தொச்சா கலப்புக் கெட்டிப் பீங்கான். நீர், கரைப்பான், வெப்பம் மூன்றும் இரண்டிலும் வேறு வேறு விதமாக வேலை செய்யும்.

பிரித்தறிதல்

தேவையானவை 10 மடங்கு நகைக்கடை லென்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு, ஒரு இருட்டறை.

லென்ஸில் சூளைப் பிளவின் உதடுகள் உருண்டிருக்கும், ஏனென்றால் பிளந்த பிறகு கிளேஸ் உருகி ஓரத்தில் வழிந்திருக்கிறது. எங்கள் பிடிவேரில் இருந்த பெரிய பிளவு 23 மி.மீ. நீளம், நடுவில் ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல் அகலம். உதடு இரண்டும் பால்வெள்ளையாகப் பளபளக்க, ஆழத்தில் கிளேஸ் போகாத சாம்பல் மண். அதன் ஒரு முனையில் பச்சை இலை ஒன்றின் காம்பு பிளவுக்குள் இறங்கி மறுபக்கம் ஏறுகிறது. அதாவது ஓவியர் பிளவைப் பார்த்துக்கொண்டே அதன்மீது தூரிகை ஓட்டியிருக்கிறார். இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. உடைசலின் ஓரம் இதற்கு நேர்மாறு: கிளேஸ் கத்தி வெட்டியதுபோல் முடியும், வண்ணமும் அதே கோட்டில் அறுபடும், இரு கரையும் ஒன்றோடொன்று பொருந்தும்.

ஊசித்துளைகளிலும் இதையே பாருங்கள். குறையின்மேல் ஒரு சிறு பூவையோ பூச்சியையோ வரைந்து மறைப்பது அன்றைய ஐரோப்பியப் பட்டறைகளின் பொது உத்தி. பூங்கொத்திலிருந்து விலகித் தனியாக ஒரு பூ கிடந்தால் அதன் நடுவில் துளை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கலாம். எங்கள் ஜாடியில் இப்படி ஒரு பூவைப் பழைய செப்பனிட்டவர் துளையோடு சேர்த்து வெள்ளையடித்து மூடியிருந்தார்.

புற ஊதா ஒளியில் அரக்கு ஆரஞ்சாக ஒளிரும், எப்பாக்சி (இரண்டு பாகம் கலந்து இறுகும் செயற்கைப் பசை) பெரும்பாலும் நீலம் கலந்த பால்நிறம். பின்னால் அடித்த பெயின்ட் அசல் கிளேஸிலிருந்து வேறுபட்டுத் திட்டாகத் தெரியும். இந்த ஒளியில் எடுத்த படத்தை அச்சடித்து, அதன்மேல் மூன்று நிறப் பேனாவால் குறித்துக்கொண்டோம்: சூளைக் குறை, உடைசல், பழைய பூச்சு. அடுத்த எல்லா வேலையும் இந்தத் தாளைப் பார்த்துத்தான்.

பழைய வேலையைக் கழற்றுதல்

முதலில் பெயின்ட். அசிட்டோனில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியைப் பூச்சின் வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி உருட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது. பொன் கோட்டுக்கு அருகில் வரும்போது நிறுத்தி, கண்ணில் படாத இடத்தில் பொன்னைச் சோதியுங்கள். சூளையில் சுட்ட பொன்னை அசிட்டோன் ஒன்றும் செய்யாது. பிற்காலத்தில் குளிர்நிலையில் ஒட்டிய பொன்னும் வெண்கலப் பொடியும் குச்சியோடு வந்துவிடும். எங்கள் பாதத்துப் பொன் கோட்டில் ஒரு பகுதி அப்படி வந்தது, அடியில் தேய்ந்த அசல் பொன் இருந்தது.

அடுத்து கம்பித் தையல். பித்தளைக் கம்பியின் இரு கால்கள் சுவரில் பாதி ஆழம் துளைத்த குழிகளில் ஒன்றை ஒன்று நோக்கிச் சாய்வாக இறங்கியிருக்கும், சுற்றிலும் பிளாஸ்டர். நேராக மேலே நெம்பினால் குழியின் வாய் கிளேஸோடு பெயர்ந்துவிடும். ஈரப் பஞ்சை குழிமேல் வைத்து பிளாஸ்டரை இளக்கி, ஊசியால் கிளறி எடுக்கவும். கம்பிக்கும் கிளேஸுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் தாள் செருகி, ஆசாரிகள் வைத்திருக்கும் வில் ரம்பத்தால் கம்பியை நடுவில் அறுக்கவும். பிறகு ஒவ்வொரு பாதியையும் அது இறங்கிய சாய்விலேயே இடுக்கியால் இழுக்க வேண்டும். முறுக்கக் கூடாது. இரும்புக் கம்பியாக இருக்கும் தையல்களில் துரு வீங்கிக் குழியை இறுக்கியிருக்கும், அதற்கு இன்னும் பொறுமை தேவை.

தையலை எல்லாம் எடுத்த பிறகே அரக்கு. முன்னதாகக் கரைத்தால் தையலின் இழுவிசை துண்டுகளைத் திடீரென்று நகர்த்தும். மணல் அடைத்த துணிப்பைகளில் ஜாடியைச் சாய்த்து உட்காரவைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் கீழே தாங்கல் கொடுத்தோம். இணைப்புக் கோடு நெடுகப் பஞ்சுத் திரி, அதில் தொழில்துறை ஆல்கஹால், மேலே அலுமினியத் தாள். திரி உலரும் முன் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், உலர்ந்தால் கரைந்த அரக்கு மண்ணுக்குள் திரும்ப உறிஞ்சப்படும். அசையும் துண்டை இழுக்காமல் அது தானாக விடும்வரை காத்திருங்கள். முன்பு இந்த வேலைக்கு மெத்திலீன் குளோரைடு பயன்படுத்துவார்கள். வேகமாக வேலை செய்யும், ஆனால் மூச்சுக்கும் உயிருக்கும் ஆபத்து. வீட்டு அறையில் அதை நினைக்கவே கூடாது, அரக்குக்கு அது தேவையும் இல்லை.

கறை எடுத்தல்

நுண்துளை உள்ள மண் என்பதால் வரிசை முக்கியம். உலர்ந்த உடைமுகத்தில் சோப்புநீரை வைத்தால் அழுக்கு உள்ளே ஓடும். முதலில் டிஸ்டில்ட் வாட்டரில் உடைமுகத்தை நன்றாக நனையவிட்டு, துளைகளை வெறும் நீரால் நிரப்பிய பிறகே அயனி சாராச் சோப்பு சில துளிகள் கலந்த நீரில் மென்தூரிகையால் கழுவ வேண்டும். முழு ஜாடியையும் நீரில் மூழ்கவிடுவது கெட்டிப் பீங்கானுக்குச் சரி, இதற்குச் சரியில்லை.

மிச்சம் இருந்தது இரண்டு வகைக் கறை. தையல் குழிகளைச் சுற்றி இரும்பும் பித்தளையும் விட்ட பழுப்பு, பச்சை வளையங்கள். உடைசல் கோட்டில் ஊறிய பழுப்பு அழுக்கு. உலோகக் கறை முதலில். டிரை அம்மோனியம் சிட்ரேட் 3 சதவீதக் கரைசலைப் பஞ்சில் வைத்து, வளையத்தின் மேல் மட்டும், பாலித்தீன் மூடி. பிறகு பல முறை வெறும் நீர். இதை முடிக்காமல் ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்தால் இரும்பு அதை நுரைத்துச் சிதைத்துவிடும், கறையும் பரவும். இரும்பு போன பிறகு 6 சதவீத பெராக்சைடில் இரண்டு சொட்டு அம்மோனியா விட்டு, பஞ்சுத் திரியாக உடைமுகத்தில் வைத்தோம். பொன் கோட்டிலிருந்தும் வண்ணத்திலிருந்தும் குறைந்தது ஒரு விரல் தள்ளி. சலவை பிளீச் கூடவே கூடாது: அதன் குளோரின் உப்பு துளைகளில் தங்கி, பின்னால் உப்புப் பூத்து கிளேஸை உரிக்கும்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பித்தளைக்குப் புளி போடும் வழக்கத்தில் பொன் கோட்டை எலுமிச்சையாலோ புளியாலோ தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். மேற்பூச்சு வண்ணங்கள் ஈயக் கண்ணாடியில் கலந்து குறைந்த வெப்பத்தில் சுட்டவை. அமிலம் அவற்றின் பளபளப்பைத் தின்றுவிடும், திரும்ப வராது. பொன்னோ கிளேஸின்மேல் மெல்லிய படலம்தான், எந்தத் தேய்ப்பும் அதைக் குறைக்கும். பொன்னுக்கு ஈரப் பஞ்சுக்குச்சியை உருட்டுவது போதும்.

கழுவி முடித்தபின் உலர்ச்சியைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். துண்டுகளைத் தினமும் எடை போடுங்கள், எடை குறைவது நின்ற பிறகுதான் பசை. உள்ளே ஈரம் இருந்தால் எப்பாக்சி பால்போல் மங்கி, பிடிப்பும் குறையும்.

ஒட்டுதல்

பசையைத் தேர்ந்தெடுத்த காரணம்: பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் எளிதில் கழற்றக்கூடியது, மஞ்சளாகாது, ஆனால் 40 டிகிரி செல்சியஸ் அளவில் அது இளகத் தொடங்கும். கனத்த வயிற்றுத் துண்டு மேலிருந்து அழுத்தும்போது, வெயில் படும் அறையில் இணைப்பு மெல்ல வழுக்கும். சென்னைக் கோடையில் இப்படிப்பட்ட ஜாடிக்கு அதை மட்டும் நம்ப முடியாது. எப்பாக்சி தாங்கும், ஆனால் நீர்போல் ஓடும் எப்பாக்சி இந்த மண்ணின் துளைகளில் ஊறி, இணைப்புக் கோட்டின் இருபுறமும் ஈரம்போல் கருவளையம் விடும். பிறகு அதை எடுக்க வழியில்லை.

ஆகவே இரண்டும். உடைமுகத்தில் பி-72-ஐ அசிட்டோனில் 5 சதவீதமாகக் கரைத்து ஒரே ஒரு பூச்சு, உடனே உடைமுகத்தின் ஓரத்தை அசிட்டோன் துணியால் துடைத்துவிட வேண்டும். மண்ணுக்குள் இறங்கித் துளையை மூட வேண்டுமே தவிர, மேலே படலமாக நிற்கக் கூடாது. நின்றால் துண்டுகளுக்கு நடுவே தடிமன் சேர்ந்து, கோடு பொருந்தாது, வெயிலில் வழுக்கும் சிக்கலும் திரும்ப வரும். நன்றாக உலர்ந்த பிறகு எப்பாக்சி.

எப்பாக்சியில் ஹெக்ஸ்டல் என்.ஒய்.எல்-1 எடுத்தோம். எடைக் கணக்கில் 3 பங்கு ரெசினுக்கு 1 பங்கு ஹார்டனர். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசில் 3.00 கிராமும் 1.00 கிராமும். தேவை அரை கிராம்தான் என்றாலும் 4 கிராமுக்குக் குறைவாகக் கலக்காதீர்கள்: சிறு அளவில் 0.05 கிராம் பிழைகூட விகிதத்தைக் கெடுத்து, பசை என்றைக்கும் பிசுபிசுப்பாகவே நிற்கும். அறை வெப்பத்தில் முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும். வேகமான பசை வேண்டுமென்றால் அரால்டைட் 2020 உண்டு, 100-க்கு 30 எடை விகிதம், ஒரு நாளில் கெட்டிப்படும், ஆனால் காலப்போக்கில் ஹெக்ஸ்டலைவிடச் சீக்கிரம் மஞ்சளாகும். வெள்ளை கிளேஸில் மஞ்சள் கோடு தொலைவிலிருந்தே தெரியும்.

பசை பூசி ஒட்டுவதில்லை. முதலில் உலர்வாகக் கூட்டி, நாடாவால் இழுத்துக் கட்டி, பிறகு கோட்டின்மேல் பசையை ஊசிநுனியால் தொட்டால் அது தானாக இடுக்குக்குள் ஏறும். உலர்க் கூட்டலைக் கீழிருந்து மேலாக, எல்லாத் துண்டுகளையும் வைத்துப் பாருங்கள். மூன்று துண்டுதானே என்று நினைத்தால், மூன்றாவது நுழைய இடமில்லாமல் போகும் வரிசையும் உண்டு. எங்களுக்கு இரண்டாவது, மூன்றாவது துண்டுகளை வெளியே சேர்த்துக்கொண்டு ஒன்றாக உள்ளே கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கோட்டின் குறுக்கேயும் நகத்தை ஓட்டுங்கள். அடியில் முடியளவு படி இருந்தால் வாய்விளிம்புக்கு வரும்போது அது கண்ணில் குத்தும் இடைவெளியாகும். நாடாவைப் பொன்மேல் ஒட்டக் கூடாது. பொன் கோடு குறுக்கிடும் இடத்தில் அதற்கு மேலும் கீழும் வெற்று கிளேஸில் ஒட்டி இழுக்கவும்.

ஒரு கோடு முழுவதும் பொருந்த மறுத்தது. சூளையில் வளைந்து இறுகிய சுவர் உடைந்ததும் அடக்கி வைத்திருந்த இறுக்கம் விடுபட்டு, துண்டு சற்று விரிந்துவிடுகிறது. கவ்வி போட்டு அழுத்தினால் வேறிடத்தில் புதிதாக உடையும். அந்தப் படியை ஒரே இடத்தில் விடாமல் கோடு நெடுகப் பகிர்ந்து, பூங்கொத்து உள்ள பக்கத்தில் குறைவாகவும் பின்பக்கம் கூடுதலாகவும் வருமாறு வைத்தோம்.

பசை ஏற்றி சில மணி நேரம் கழித்து உட்புறத்தை விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும், கசிந்த சொட்டுகள் அங்கே தொங்கும். அசிட்டோன் தொட்டுப் பிழிந்த குச்சியால் கோட்டுக்குக் குறுக்கே ஒரே வீச்சு. கோட்டோடு நீளவாக்கில் துடைத்தால் இடுக்கிலிருந்து பசையே வெளியே வரும். முக்கியமாக, இணைப்புக் கோடு சூளைப் பிளவின் அருகே போகும் இடத்தில் பசை பிளவுக்குள் ஓடாமல் இருக்க, அங்கே முன்கூட்டியே ஈரமான காகிதக் கூழை அடைத்து உலரவிட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிட்டோம்.

இழந்த இடங்களை நிரப்புதல்

இந்த ஜாடியில் எங்களுக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். வாய்விளிம்பின் காணாத துண்டை ஒரே வெள்ளைக் கலவையால் அடைத்தால் பொய்ப்பல் கட்டியதுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். தொச்சாக்காரர்கள் சாம்பல் உடலின்மேல் பால்வெள்ளை போர்த்தினார்கள், நிரப்பலும் அதே அடுக்கில் கட்டினால்தான் கண்ணுக்கு ஒத்துவரும்.

உள்ளடுக்கு: ஹெக்ஸ்டல், அதில் நீர் ஒட்டாத வகை ஃபியூம்டு சிலிகா (கலவையைக் கெட்டியாக்கும் மிக நுண்ணிய பொடி), கரண்டியைக் கவிழ்த்தால் வழியாத அளவுக்கு. நிறத்துக்கு டைட்டானியம் வெள்ளை மிகக் குறைவு, ரா அம்பர், ஐவரி கறுப்பு, ஊசிநுனியளவு அல்ட்ராமரின். உடைமுகத்தில் தெரியும் மண்ணோடு ஒப்பிட்டு நிறம் சேருங்கள், வெளித்தோற்றத்தோடு அல்ல. இந்த அடுக்கு அசல் மட்டத்திலிருந்து அரை மி.மீ. உள்ளே நிற்க வேண்டும். கெட்டிப்பட்ட பின் மேலடுக்கு: அதே எப்பாக்சி, சிலிகா குறைவாக, டைட்டானியம் வெள்ளை தாராளமாக, ரா அம்பர் ஒரு துளி. டின் கிளேஸ் ஒளி ஊடுருவாதது என்பதால் இங்கே டைட்டானியம் கூடுதலாகச் சேர்ப்பது தவறாகாது. ஒளி ஊடுருவும் பீங்கானில் இதே கலவை சுண்ணாம்புத் திட்டாகத் தெரியும். விளிம்பின் நுனியில் மேலடுக்கை மெலிதாக்கினோம், அசலில் கிளேஸ் பின்வாங்கிச் சாம்பல் தெரிவதுபோல் நிரப்பலிலும் தெரிகிறது. இதனால் மேலே வண்ணம் பூச வேண்டிய தேவையே பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

சிலிகா பொடியைத் திறக்கும்போதும் உரசும்போதும் முகக்கவசம் கட்டாயம். மட்டம் செய்வதற்கு, கலவை தோல்போல் இருக்கும் நிலையில் கூர்கத்தியால் சீவுவது நல்லது, முழுக்க இறுகியபின் உப்புத்தாள் 600, 1200, பிறகு மைக்ரோமெஷ் என்ற மிக நுண்ணிய உரசல் துணி. அசல் கிளேஸின் ஓரம்வரை நாடா ஒட்டி மறைத்து, நிரப்பலை மட்டும் உரசவும். டின் கிளேஸில் விழுந்த கோடு போகாது. தையல் குழிகளையும் இதே இரண்டு அடுக்கில் அடைத்தோம்.

பிடியின் முறிந்த சுருளுக்கு எதிர்ப் பிடியிலிருந்து அச்சு எடுக்கலாமா என்பது முதலில் தீர வேண்டிய கேள்வி. இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவையா, கண்ணாடிப் பிம்ப ஜோடியா? மெழுகுத்தாளில் நல்ல பிடியின் பக்கவாட்டுக் கோட்டை வரைந்து, மற்றதன்மேல் வைத்துப் பார்த்தோம். முகத்தின் தலைமுடிச் சுருள்கள் ஒரே பக்கம் திரும்பியிருந்தன, ஆகவே ஒரே அச்சு, நகல் எடுப்பது பொருந்தும். பிம்ப ஜோடியாக இருந்தால் கையால் செதுக்குவதைத் தவிர வழியில்லை.

அச்சுக்குப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிலிகோன் மாவு. அதன் எண்ணெய் நுண்துளை மண்ணில் ஊறி, போகாத சாம்பல் கறை விடும். பிடிவேரின் சூளைப் பிளவும் கிளேஸ் இல்லாத வரம்புகளும் அச்சின் எல்லைக்குள் வருவதால், அந்த இடங்களை மெல்லிய சமையலறைப் பிளாஸ்டிக் உறையால் மூடிவிட்டே மாவை அழுத்தினோம். வார்த்த சுருளைத் தனியாக இறுகவிட்டு, செதுக்கிப் பொருத்தி, பி-72-ஆல் ஒட்டினோம். எடை இல்லாத பகுதி, தேவைப்படும் நாளில் அசிட்டோனால் கழற்றிவிடலாம். அசலில் துளையிட்டு உள்ளே கம்பி வைக்கச் சொல்வார்கள், வேண்டாம். பிடியைப் பிடித்துத் தூக்காத ஜாடிக்குக் கம்பி எதற்கு?

வண்ணமும் பொன்னும்

விதி ஒன்றுதான்: நிரப்பலின்மேல் மட்டும். இணைப்புக் கோட்டை மறைக்க அசல் கிளேஸுக்கு வழிந்தால் முன்னவர் செய்த மூன்று விரற்கடைப் பூச்சுக்கே திரும்புவோம். அக்ரிலிக் வார்னிஷில் உலர்நிறமிகளைக் குழைத்து, மிக மெல்லிய அடுக்குகளாக. பூங்கொத்தின் செம்பூவுக்கு இரும்புச் சிவப்பு, ஊதா கலந்த ரோஜாவுக்கு அசலில் பொன்னிலிருந்து எடுத்த நிறம், நமக்குக் குவினாக்ரிடோன் ரோஜா நெருங்கி வரும். இலைப் பச்சையை ஒரே பச்சையால் அடிக்காமல் அசல்போல முதலில் மஞ்சள் கலந்த பச்சை, மேலே கருநரம்பு.

பொன் கோடு விளிம்பு நிரப்பலைக் கடக்கும் இடத்தில் வெண்கலப் பொடி கூடாது, அதிலுள்ள செம்பு கறுக்கும். அரபிக் கோந்தில் குழைத்த அசல் பொன்பொடியைத் தூரிகையால் இட்டு, உலர்ந்தபின் மேலே பாலியெஸ்டர் தாள் வைத்து அகேட் கல்லால் மெல்ல மினுக்கினோம். பக்கத்துப் பொன் தேய்ந்திருக்கும் அளவுக்குப் புதியதையும் தேய்த்துவிட வேண்டும். பாதத்தில் வெண்கலப் பொடி போன இடத்தில் புதிதாக ஒன்றும் பூசவில்லை, அங்கே தேய்ந்த அசல் பொன்னே போதுமானது.

நிறுத்துதல்

ஒட்டி முடித்த ஜாடி தட்டையான பலகையில் 4 மி.மீ. சாய்கிறது. இதுவும் சூளையில் வந்த வளைவு. இணைப்புகளில் பிழை இல்லை என்பதை உடையாத பாதத்தின் சாய்வே சொல்கிறது. அடியில் ஆப்பு வைத்து நேராக்கினால் எடை பாதத்தின் ஒரே பக்கம் விழும். சாய்ந்தே நிற்கட்டும், கீழே ஒரு மெல்லிய ஃபெல்ட் வட்டம் போதும். இந்த வகை உயர ஜாடிகள் சிலவற்றில் உடலும் பாதமும் இரும்புத் தண்டால் முடுக்கப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் துருவைப் பாருங்கள், வீங்கிய துரு பாதத்தைப் பிளக்கும். துருப்பிடிக்காத எஃகுத் தண்டு, நைலான் வாஷர், விரலால் முடுக்கும் அளவுக்கு மேல் வேண்டாம்.

மூடியும் தனியாகச் சுட்டதால் தன் போக்கில் வளைந்தது. ஒரு வட்டம் சுற்றிப் பார்த்தால் ஆடாமல் அமரும் நிலை ஒன்றே ஒன்று கிடைக்கும். எங்கள் ஜாடியில் மூடியின் மொட்டுக் குமிழில் உள்ள சிறு சிப்பு இடதுபிடிக்கு நேராக வரும்போது. அதைப் படத்தோடு ஆவணத்தில் எழுதிவிட்டோம். அதே தாளில் பிடிவேர்ப் பிளவு இரண்டும், அடித்தட்டுக் கீறலும், ஊசித்துளைகளும் அளவோடு, ‘சூளைக் குறை, தொடவில்லை’ என்ற குறிப்போடு உள்ளன. பயன்படுத்திய பசைகளின் பெயர், விகிதம், எந்தக் கோட்டில் எது என்பதும் உண்டு. தாளின் ஒரு நகல் உறையிலிட்டு ஜாடியின் உள்ளேயே இருக்கிறது.

தூக்கும்போது ஒரு கை பாதத்தின் அடியில், மறு கை கழுத்துக்குக் கீழே, மூடியைத் தனியாக எடுத்துவிட்டு. நேர்வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம்: பீங்கானுக்கு வெயிலால் பழுதில்லை, நிரப்பலும் வார்னிஷும்தான் மஞ்சளாகும். தூசுக்கு உலர்ந்த மென்தூரிகை, ஈரத்துணி வேண்டாம்.